மத்தியானத்து உறை

பெரியவனுக்கும் செல்லத்துக்கும் சின்னவனுக்கும் அப்பா எழுதுவது.

பெரியவன் போன வாரம் வந்திருந்தபோது, இந்த வருடம் தன் கல்லூரியில் பல்கலைக்கழகத் தேர்வுக்குத் தன்னைத்தான் தலைமைக் கண்காணிப்பாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னான். "இத்தனை வருஷம் அந்த வேலைக்குள்ளேயே இருந்திருக்கீங்க, எதுல ஜாக்கிரதையா இருக்கணும்ப்பா?" என்று கேட்டான். "எல்லாத்துலயும்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. கோணல் இருந்தால் நிமிர்த்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் வீட்டில் உள்ள ஒரு பொய்யை எடுத்துவிடுகிறேன். பெரியவனுக்கு நாலு வயது, செல்லம் நடை பழகுகிறாள், சின்னவன் அம்மா வயிற்றில். அந்தக் கோடையில் தொடங்கி நான் மூன்று மாதத்துக்கு மேல் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தேன். எனக்கு மஞ்சள் காமாலை என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகக் கீழாநெல்லி அரைத்து வாசலில் வைத்துக் கொடுப்பாள். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பேன். பிறகு உங்களுக்கும் அதையே சொல்லி வளர்த்தாள். காமாலையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. கல்லூரி என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது.

நான் செம்பட்டிப் பக்கம் கத்திரிக்காயும் வெங்காயமும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவன். திண்டுக்கல்லில் கல்லூரி தொடங்கி ஓரிரு வருடத்தில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்தேன். அது ஐம்பதுகளின் கடைசி. சொந்தக் கட்டடம் கிடையாது. புகையிலைக் கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தட்டி வைத்து அறை பிரித்திருந்தார்கள். மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தும் காரம் போகவில்லை. காற்று திரும்பினால் வகுப்பே தும்மும். "இந்தக் காலேஜ்ல பாஸ் பண்றவன் தும்மிக்கிட்டேதான் பட்டம் வாங்குவான்" என்று பையன்கள் சிரிப்பார்கள். மணி அடிக்க, கரும்பலகை துடைக்க, சுற்றறிக்கை கொண்டுபோய்க் கையெழுத்து வாங்க, தபால் பிரிக்க எல்லாம் ஒரு வருடத்தில் பழகினேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது முதல்வரைப் பற்றி. ஞானமுத்து ஐயா. ஒல்லியான மனிதர். எந்தக் கோடையிலும் மூடிய கோட்டு. எங்களைப் போன்ற ஊழியர்களையும் 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார். அது அந்தக் காலத்தில் சிலருக்கு வேடிக்கை, சிலருக்கு எரிச்சல். கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வோம்.

தேர்வு முடிவு வந்தால் மற்ற கல்லூரிகளில் தேறியவர்கள் பெயரைப் பெரிதாக எழுதித் தொங்கவிடுவார்கள். இவர், "பாஸானவங்க பட்டியலைப் பலகையில ஒட்டுங்க. போனவங்க பட்டியல் என் மேஜையில இருக்கட்டும்" என்பார். அந்தப் பட்டியல் அடுத்த வருடம் வரை அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். ஒரு மாணவன் சொல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் என்னைச் சைக்கிளில் அவன் வீட்டுக்கு அனுப்புவார். திட்டவும் கூடாது, கூட்டிக்கொண்டும் வரக்கூடாது. என்ன விஷயம் என்று கேட்டுவந்து சொல்லவேண்டும், அவ்வளவுதான். இப்படிப் போய்ப்போய்த் திண்டுக்கல்லைச் சுற்றி எனக்குத் தெரியாத வண்டித்தடம் இல்லை.

வேலுச்சாமியை அப்படித்தான் எனக்குத் தெரியும். வேடசந்தூரைத் தாண்டி ஒரு கரட்டுக் காட்டு ஊர். அப்பா இல்லை. அண்ணன் காளியப்பன் கிணறு வெட்டுகிறவர். பி.யு.சி.யில் கணிதத்தில் ஒரு தடவை போய்விட்டு, இரண்டாம் தடவை எழுதக் காத்திருந்தான். இடையில் ஐந்து நாள் வரவில்லை என்று போனபோது, அண்ணன்காரர் என்னை நிற்கவைத்துச் சொன்னார்:

"அய்யாகிட்ட சொல்லிருங்க. அவன் வெடி வைக்கப் பாறையில தமரு அடிச்சுத் தொளை போட ஒசத்தியான ஆளு. கணக்குல எப்புடின்னு எனக்குத் தெரியாது. இந்த ஒரு வாட்டி பாப்பேன். போச்சுன்னா கெணத்துக் குழிக்குள்ள எறக்கிருவேன். பொறவு அவனைத் தேடிச் சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வராதீக."

அவர் கெட்டவர் இல்லை. தானும் பன்னிரண்டு வயதில் இறங்கியவர். வெடி வைத்த இடத்தில் ஒரு விரலை விட்டவர். வேலுச்சாமிக்கும் இதில் மனத்தாங்கல் இல்லை. "அண்ணன் சொல்றது நாயந்தான்ணே" என்று என்னிடமே சொன்னான். ஆக, அந்த ஏப்ரல் மாதத் தேர்வு அவனுக்கு ஒரே ஒரு கதவு.

இனி வேலைமுறையைச் சொல்கிறேன். பெரியவன் இதைக் கவனமாகப் படிக்கவேண்டும்.

வினாத்தாள் உறைகள் கருவூலத்தில் இருக்கும். தேர்வு நாளில் காலை எட்டு மணிக்கு நானும் ஒரு போலீஸ்காரரும் குதிரை வண்டியில் போய், இரண்டு வேளைக்கும் உண்டான உறைகளை ஒரே நடையில் இரும்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவோம். உறைகள் ஒரே அளவு, ஒரே நிறம். தாள் எண்ணும் வேளையும் மட்டும் வேறாக அச்சடித்திருக்கும். பெட்டியின் பூட்டுப் பக்கம் என்னைப் பார்த்து இருக்க, காலை உறை வலது கைப்பக்கம், மத்தியான உறை இடது கைப்பக்கம். இப்படி அடுக்குவது நானே ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஒன்பதே முக்காலுக்கு முதல்வர் அறையில் பெட்டியைத் திறப்போம். தேர்வு எழுதுகிற மாணவர் இருவரைச் சாட்சிக்கு அழைக்கவேண்டும். முதல்வர் உறையை வாங்கி, விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தமாகப் படிப்பார்: பாடம், தாள், நாள், வேளை. பிறகு உறையை மாணவர் பக்கம் திருப்பி, "நீங்களும் படிங்க" என்பார். அவர்கள் படித்து, அரக்கு முத்திரையைப் பார்த்து, உறைமேல் கையெழுத்துப் போடுவார்கள். அவரும் போடுவார். அதன்பின், "வெட்டுங்க" என்பார். அந்தச் சொல் வந்த பிறகுதான் என் கத்திரிக்கோல் நகரும்.

அன்றைக்குக் கணிதம். காலை முதல் தாள், மத்தியானம் இரண்டாம் தாள்.

ஒன்பதரைக்குக் கல்லூரிச் செயலர் காரில் வந்து இறங்கினார். நிர்வாகத்தின் தலை அவர்தான். பட்ட வகுப்புக்கு இன்னும் சில பாடங்கள் கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். பார்வையிடும் குழு வரும் நேரம். அதைப் பேச வந்தவர், நான் வழக்கமாக நிற்கும் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உறை திறக்கும் நேரத்தில் வெளியாள் அறையில் இருக்கக்கூடாது. ஆனால் செயலரை எழுந்துபோ என்று யார் சொல்வது? முதல்வர் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். செயலர் நகரவில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேரை அழைத்தேன். ஒருவன் வேலுச்சாமி. இன்னொருவன் ஜெயராமன், செயலரின் அக்கா மகன். வேண்டுமென்று அழைக்கவில்லை, கைக்கு எட்டினவர்கள் அவர்கள்.

பெட்டி வழக்கமான இடத்தில், வழக்கமான திசையில் இருந்தது. என் இடத்தில்தான் செயலர் இருந்தார். அதனால் நான் மேஜைக்கு எதிர்ப்பக்கம் போய், பெட்டியின் முதுகுப்புறம் நின்று மூடியைத் திறந்தேன். என் கை வலது பக்கம் போனது. தலை யோசிக்கவில்லை, கை போனது. எடுத்துக் கொடுத்தேன்.

முதல்வர் உறையை வாங்கி விரலை வைக்கும்போது செயலர், "கமிட்டியில நமக்கு வேண்டிய ஆளு ஒருத்தர் இருக்காராம்" என்றார். முதல்வர் அவர் பக்கம் திரும்பி, "அதைப் பிறகு பேசலாம்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டு உறையைத் தள்ளினார். படிக்கவில்லை. முதல்வரே போட்டுவிட்டார் என்று மாணவர்கள் முத்திரையை மட்டும் பார்த்துவிட்டுப் போட்டார்கள். "ம், வெட்டுங்க." வெட்டினேன். கட்டை வெளியே இழுத்து மேஜையில் வைத்தேன். மேல் தாளின் எழுத்து மாணவர்களைப் பார்த்து இருந்தது.

வேலுச்சாமிதான் சொன்னான். 

"ஐயா... இது மத்தியானத்துப் பேப்பரு."

முதல்வர் தன் உள்ளங்கையை விரித்துத் தாளின்மேல் வைத்தார். அதைத் தூக்கவே இல்லை. கிட்டங்கியில் நூற்றுச் சொச்சம் பேர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. 

"நீங்க ரெண்டு பேரும் என்ன பாத்தீங்க?" மிக மெதுவாகக் கேட்டார்.

ஜெயராமன் மாமாவைப் பார்த்தான். "நான் ஒண்ணும் பாக்கல சார்."

"நீங்க?"

"மொதக் கணக்கு படிச்சுட்டேன்யா. முழுசா இல்ல. பாதிக்கு மேல."

அவன் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யார் அவன் கண்ணுக்குள் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

முதல்வர் அந்தக் கட்டை உறைக்குள் போட்டுத் தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானை மாட்டினார். சரியான உறையை என்னிடம் கேட்டு வாங்கி, பாடம், தாள், நாள், வேளை என்று விரலைத் தட்டித் தட்டிப் படித்தார். எல்லோரும் படித்தோம். தேர்வு ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. "போய் எழுதுங்க. மணி அடிச்சதும் நேரா இங்க வரணும். நடுவுல யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று இருவரையும் அனுப்பினார். வேலுச்சாமி போகும்போது வாசற்படி தடுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு போனான்.

செயலர் நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"இதுல என்ன இருக்கு? அரக்கு இருக்கு, மெழுகுவத்தி இருக்கு. ஒட்டி உள்ள வைங்க. அஞ்சு பேருக்கு மேல யாருக்குத் தெரியும்?"

"அஞ்சு பேருக்குத் தெரியுதுங்களே" என்றார் முதல்வர்.

"கமிட்டி வர்ற மாசம்யா இது! காலேஜை மூடச் சொல்லுறீரா?"

முதல்வர் தந்திப் படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து என்னிடம் கொடுத்து, "பல்கலைக்கழகத்துக்கு அவசரத் தந்தி. ரசீதில நேரம் போட்டு வாங்கிட்டு வாங்க" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. "ஐயா, பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்னதுல வலது இடது மாறி..." என்று ஆரம்பித்தேன். "தெரியும். முதல்ல தந்தி" என்றார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று போகவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. என் பின்னால் கார் வந்து நின்றது. செயலர் இறங்கினார்.

"மாணிக்கம், இங்க வாடா. உனக்கு எத்தனை புள்ளைக?"

"ரெண்டுங்க. மூணாவது வயித்துல."

"ஜூன்ல உன்னைய நிரந்தரமாக்கணும்னு காகிதம் என் மேஜையிலதான் கெடக்கு. அவரு தந்தி அடிக்கிறதை நான் தடுக்கல. அடிச்சுக்கிரட்டும். ஆனா விசாரணைன்னு வந்தா யாரோ ஒருத்தன் தலையில விடியும். அது யாரு தலைன்னு நீதான் சொல்லணும்."

கார் முன்மூடியில் காகிதத்தை வைத்து அவரே எழுதினார். உறையை நான் எடுத்து மேஜைமேல் வைத்தபோது வேலுச்சாமி என்ற மாணவன் அதைப் பிடுங்கிப் பிரித்துப் படித்தான் என்று இருந்தது. இரண்டே வரி. நான் இரண்டு தடவை படித்தேன். படிக்கத் தெரியாமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

"அந்தப் பையன் ஏற்கெனவே பெயிலானவன்தானே. அவனுக்கு இன்னொரு வருஷம் போனா என்ன, குடியா முழுகிரும்?"

எனக்குத் தெரியும், முழுகிவிடும் என்று. அந்த வீட்டு வாசலில் நின்று அண்ணன்காரர் வாயால் கேட்டவன் நான். கையெழுத்துப் போட்டேன். கேட் திறந்தது.

பிள்ளைகளே, உங்கள் அப்பா அதைச் செய்தான். உங்களுக்காகச் செய்தான் என்று எழுத ஒரு நிமிடம் ஆசை வந்தது. உங்களை இதில் இழுக்க மாட்டேன். பயத்தில் செய்தேன்.

தந்தி அலுவலகத்தில் ஊழியர் சொற்களைப் பென்சிலால் தொட்டுக்கொண்டே போனவர், பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது உங்க பிரின்ஸ்பால் எழுதினதா?"

"ஆமாங்க. என்னங்க எழுதியிருக்கு?"

சொல்லக்கூடாதுதான். ஆனாலும் தமிழில் சொன்னார். "மத்தியான உறையை என் கவனக்குறைவால் திறந்துவிட்டேன், மாணவர் இருவர் பார்க்க நேர்ந்தது, பொறுப்பு முழுவதும் என்னுடையது, உத்தரவு வேண்டும்னு இருக்குப்பா."

என் பெயர் அதில் இல்லை. வெட்டியவன் நான், எடுத்துக் கொடுத்தவன் நான். என் பெயரை அவர் எழுதவில்லை.

பதினொன்றேகாலுக்குத் திரும்பினேன். ரசீதைக் கொடுத்தேன். வெளியே வந்து தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே போகக் கால் எடுப்பேன், திரும்புவேன். பன்னிரண்டு அடித்தேன். பன்னிரண்டரை அடித்தேன். ஒரு மணிக்கு வேலுச்சாமி வெளியே வருவான். அதற்குமேல் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இதைச் சொல்ல என்னால் முடியாது என்று தோன்றியது. உள்ளே போனேன்.

"ஐயா, ரயில்வே கேட்டுக்கிட்ட செயலர் ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கினாரு." என்ன எழுதியிருந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். 

"எத்தனை மணிக்கு?"

"பத்து இருபது இருக்கும்யா."

"உட்காருங்க."

அந்த அறையில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"நடந்ததை நடந்த வரிசையில எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் நேரம் போடுங்க. பத்து இருபதையும் எழுதுங்க. என்னையும் விட்டுறாதீங்க. நான் படிக்காம கையெழுத்துப் போட்டதை எழுதுங்க. செயலரை வெளியே போகச் சொல்ல எனக்கு நாக்கு வரல்லங்கிறதையும் எழுதுங்க."

"ஐயா, இதை எழுதிக் குடுத்தா என் வேலை..."

"போகலாம். என்னால இப்ப உறுதி சொல்ல முடியாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எழுதல்லைன்னா யாருக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியும்."

வற்புறுத்தவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு மணிக்குள் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கை வியர்வையில் மை இரண்டு இடத்தில் கலங்கியது. கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அது இரண்டாவது கையெழுத்து.

மணி அடித்ததும் இருவரும் வந்தார்கள். மத்தியானத் தேர்வு தொடங்கும்வரை அவர்கள் வெளியே போகக்கூடாது. முதல்வரும் போகவில்லை. நான்கு தயிர்சாதப் பொட்டலம் வரவழைத்தார். ஜெயராமன் பொட்டலத்தைப் பிரித்து, "தொட்டுக்க வெஞ்சனம் ஒண்ணும் இல்லையாண்ணே?" என்று என்னைக் கேட்டான். சிரிக்கப் பார்த்தான்.

"ஒனக்கு எறங்குதாடா?" என்றான் வேலுச்சாமி.

பிறகு ஜெயராமனும் வாயில் வைக்கவில்லை.

ஒன்றரை ஆயிற்று. தந்தி வரவில்லை. சென்னைக்கு, பல்கலைக்கழகத்துக்கு, டிரங்க் கால் கேட்டிருந்தார், லைன் கிடைக்கவில்லை. ஒன்றே முக்கால். வேலுச்சாமி கேட்டான்:

"ஐயா, எங்களை மத்தியானம் எழுத விடுவாகளா?"

"தெரியலப்பா."

"நான் பாக்கலன்னு சொல்லியிருந்தா விடுவாகளா?"

முதல்வர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படிச் சொல்லியிருந்தா நான் இவ்வளவு கஷ்டப்பட மாட்டேன்" என்றார். அது கோபமா பெருமையா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தந்திக்காரர் சைக்கிளில் வந்தார். தேர்வை நடத்துங்கள், அந்த இருவரையும் தனி அறையில் எழுத வையுங்கள், விடைத்தாளைத் தனி உறையில் அனுப்புங்கள், அவர்கள் முடிவு பிறகு அறிவிக்கப்படும். அவ்வளவுதான்.

எழுதலாம். ஆனால் எழுதியது எண்ணிக்கையில் வருமா என்பது தெரியாது. வேலுச்சாமி சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "மொதக் கணக்கைத் தொடலாமாய்யா?" என்று கேட்டான். "அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. உங்களுக்கு எது சரியோ அதைச் செய்ங்க" என்றார் முதல்வர். என்னை அன்று மத்தியானம் உறைப் பக்கமே விடவில்லை. அது தண்டனை இல்லை, முறை.

மூன்று வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அதற்குள் செயலர் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இரண்டு காகிதங்களையும் அதிகாரி பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"ரெண்டுலயும் உன் கையெழுத்துதான். எது நிஜம்?"

"ரெண்டாவதுங்க."

"நான் ஏன் நம்பணும்?"

"மொதக் காகிதத்துல எனக்கு ஆதாயம் இருக்குதுங்க. ரெண்டாவதுல ஒண்ணுமே இல்லீங்க."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். அடுத்து ஜெயராமனைக் கூப்பிட்டார். அவன் உள்ளே போய்வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதான். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு செயலர் அந்த முதல் காகிதத்தைப் பற்றி எங்கேயும் பேசவில்லை.

முதல்வரிடமிருந்து தேர்வுப் பொறுப்பைப் பல்கலைக்கழகம் எடுத்துவிட்டது. அவர் இருந்தவரை திருப்பித் தரவில்லை. கேட்ட பாடங்கள் அந்த வருடம் வரவில்லை. என்னை ஆகஸ்டில்தான் சேர்த்துக்கொண்டார்கள். நிரந்தரம் ஆக மேலும் மூன்று வருடம் பிடித்தது. பெரியவனே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: கை பழகின இடத்தில் கண்ணை வை. அறையில் இருக்கக்கூடாதவர் யாராக இருந்தாலும் வாயைத் திறந்து சொல். தப்பு நடந்தால் முதல் காகிதத்தை நீயே எழுது. இதற்குமேல் எனக்குத் தெரியாது.

ஜூலை மாதம், நான் இன்னும் வேலைக்கு வெளியே இருந்தபோது, முதல்வர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். அம்மா பதறிப்போய்ப் பாயை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"மாணிக்கம், உங்களுக்கு உத்தரவு போட எனக்கு உரிமை இல்லை. நீங்க இப்ப வேலையில இல்லை. கேட்டுக்கறேன், அவ்வளவுதான். வேலுச்சாமி முடிவு இப்பத்தான் வந்துச்சு. அந்த முதல் கணக்கை ரெண்டு பேருக்கும் கழிச்சுட்டு மத்ததைத் திருத்தியிருக்காங்க. பாஸ். பி.எஸ்சி. சேர்க்கை இன்னிக்கு நாலு மணியோட முடியுது. ஒரு இடம் வச்சிருக்கேன். நாலு மணிக்கு மேல என்னால வைக்க முடியாது."

அப்போது பதினோரு மணி.

வேடசந்தூர் சாலையில் எதிர்காற்று. ஊருக்குப் போய்க் கேட்டால், கிழக்கே ஒரு தோட்டத்தில் கிணறு வெட்டுகிறார்கள் என்றார்கள். போனேன். காளியப்பன் மேலே கப்பியோரம் கயிற்றைப் பிடித்து நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எறக்கியாச்சுங்க. எல்லாருக்கும் முடிவு வந்து இவனுக்கு மட்டும் வரலை, ஒரு மாசம் ஆச்சு. அன்னிக்கே சொன்னேன்ல."

நான் கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். கீழே நாற்பது அடியில் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது. தமரு அடிக்கிற சத்தம்.

"ஏலே, வேலுச்சாமி!"

சத்தம் நின்றது. "யாரு?"

"காலேஜ் மாணிக்கம். நீ பாஸு!"

தலைத்துண்டை அவிழ்த்து அண்ணாந்து பார்த்தான். பிறகு, "அந்தக் கணக்கு?" என்று கேட்டான்.

"அதைக் கழிச்சுட்டாக. அது இல்லாமலே பாஸு. நாலு மணிக்குள்ள வரணும், மேல ஏறு!"

காளியப்பன் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அது இல்லாமலேயா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு கிணற்றுக்குள் குனிந்து, "ஏலே அப்பு, கூடையில உக்காரு" என்றார். இருவருமாக இழுத்தோம்.

தலையிலிருந்து கால்வரை கல்தூசி. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சட்டையைத் தேடினான். அண்ணன்காரர் அதை எடுக்கப் போனபோது, ரயில்வே கேட்டுப் பக்கத்தில் நடந்ததை அவனிடம் சொன்னேன். அவன் பிடுங்கிப் படித்தான் என்று எழுதிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். அவனுக்கு அதுவரை தெரியாது.

சட்டை வந்தது. ஒவ்வொரு பொத்தானாகப் போட்டான்.

"இதை ஏண்ணே இப்பச் சொல்றீக?"

"வேற யாராச்சும் சொல்லி நீ கேக்கக்கூடாது."

அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்டு அவனை நிறுத்தி வைக்கவில்லை, மணி இரண்டாகப் போகிறது. வந்து என் சைக்கிளைப் பிடித்தான். "நீங்க அம்புட்டுத் தூரம் மிதிச்சு வந்திருக்கீக. பின்னாடி ஏறுங்க" என்றான்.

ஏறினேன். வழியெல்லாம் அவன் முதுகில் கல்தூசி வியர்வையோடு கரைந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓர் ஏற்றத்தில் சைக்கிள் திணறியது. பாரத்தைக் குறைக்கலாம் என்று நான் காலை ஊன்றி இறங்கப் பார்த்தேன்.

"உக்காருங்க" என்றான்.